ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் கடற்கரைப் பூங்காவில் டென்ட் போட்டுத் தங்க: முழுமையான வழிகாட்டி

மெரினாவையும் திருச்செந்தூரையும் பார்த்து வளர்ந்த நமக்குக் கடற்கரை என்றால் வெயில், வியர்வை, சுண்டல். அந்த நினைப்போடு அமெரிக்காவின் ஒரெகான் மாநிலக் கடற்கரைக்குப் போனால் முதல் ராத்திரியே பாடம் கிடைத்துவிடும். எங்களுக்குக் கிடைத்தது. ஆகஸ்ட் மாதம்தானே என்று இரண்டு பருத்திப் போர்வை, காற்றடைக்கும் மெத்தை, மலிவாகக் கிடைத்த ஒரு டென்ட் ஆகியவற்றோடு ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் போனோம். இரவு இரண்டு மணிக்கு நாலு பேரும் காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு பல முறை போய்வந்துவிட்டோம். இப்போதெல்லாம் யாராவது "என்ன எடுத்துட்டுப் போகணும்?" என்று கேட்டால் நான் கடலைப் பற்றிப் பேச்செடுப்பதே இல்லை. காற்று, ஈரம் இரண்டுக்கும் தயாராகுங்கள் என்றுதான் தொடங்குகிறேன்.

போர்ட்லாந்து, பீவர்ட்டன், ஹில்ஸ்பரோ பக்கம் இருக்கிற நம்மவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சியாட்டிலில் இருந்து வருபவர்களுக்கும் வழியைத் தவிர மற்ற எல்லாம் பொருந்தும்.

ஏன் இந்த இடம்

ஒரெகானின் வடமேற்கு மூலையில், கொலம்பியா ஆறு பசிபிக்கில் கலக்கும் முகத்துவாரத்தில் இருக்கிறது ஃபோர்ட் ஸ்டீவன்ஸ். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஆற்று வாயைக் காக்கக் கட்டிய கோட்டை. இரண்டாம் உலகப் போர் முடியும்வரை ராணுவம் இருந்தது. 1947இல் காலி செய்தார்கள். இப்போது மாநிலப் பூங்கா. தங்கும் இடங்கள் மட்டும் ஏறத்தாழ ஐந்நூறு இருப்பதால், மற்ற கடற்கரைப் பூங்காக்களில் இடம் கிடைக்காதபோதும் இங்கே கிடைக்கும் வாய்ப்பு அதிகம். முதல் தடவை போகிறவர்களுக்கு இதை நான் சொல்வதற்கு வேறு காரணங்களும் உண்டு. வெந்நீர்க் குளியலறை இருக்கிறது, கழிவறை சுத்தமாக இருக்கும், பத்து நிமிடத்தில் வாரன்டன் ஊருக்குப் போய்க் கடையில் எதுவும் வாங்கிவிடலாம். மறந்துபோன பொருளுக்காக யாரும் சண்டை போட வேண்டியதில்லை.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: டென்ட்டில் இருந்து கடல் தெரியாது. முகாம் மணல்மேடுகளுக்குப் பின்னால், பைன், ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. கடற்கரைக்கு ஒரு மைல் போல நடக்க வேண்டும். அலைச் சத்தம் மட்டும் ராத்திரியில் கேட்கும். "கடலுக்குப் பக்கத்துல இல்லையே" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்த மரங்கள் இல்லையென்றால் கடற்காற்று டென்ட்டைப் பக்கத்து மாநிலமான ஐடஹோவுக்கே கொண்டுபோயிருக்கும்.

ஆறு மாதம் முன்பே இடம் பிடிப்பது

ஒரெகான் மாநிலப் பூங்காக்களின் முன்பதிவுத் தளத்தில், நீங்கள் போய்ச் சேரும் நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து பதிவு செய்யலாம். ஜூலை, ஆகஸ்ட் வார இறுதி வேண்டுமானால் ஜனவரி, பிப்ரவரியிலேயே உட்கார்ந்துவிட வேண்டும். தீபாவளி ரயில் டிக்கெட் எடுக்கும் அதே பதற்றம்தான். விட்டுவிட்டால் மனம் தளராதீர்கள். பயணத்துக்கு முந்தைய வாரம் ரத்து செய்பவர்கள் நிறைய. தினமும் காலையும் மாலையும் ஒரு பார்வை பார்த்தால் ஏதாவது விழும். செப்டம்பர் முதல் இரண்டு வாரம் எனக்குப் பிடித்த காலம். பள்ளி திறந்துவிடுவதால் கூட்டம் வடிந்திருக்கும்.

தளத்தில் இடத்தின் வகையைத் தேர்ந்தெடுக்கும்போது பலர் தடுமாறுகிறார்கள். டென்ட்டுக்கு என்றே ஒதுக்கிய இடங்கள் இங்கே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். "டென்ட் இடம் எல்லாம் போச்சு" என்று தளத்தை மூடிவிடாதீர்கள். மின்சார வசதி உள்ள இடத்தில் தாராளமாக டென்ட் போடலாம். கட்டணம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். நம் வீட்டுக்கு அதுதான் நல்லதும்கூட. ஏன் என்பதைச் சமையல் பகுதியில் சொல்கிறேன்.

கைக்குழந்தையோ, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவோ கூட இருந்தால் யர்ட் எடுங்கள். வட்ட வடிவில், மரச்சட்டத்தின் மேல் தடித்த துணி போர்த்திய குடில். உள்ளே கட்டில், விளக்கு, ஹீட்டர், பூட்டும் கதவு எல்லாம் உண்டு. அமெரிக்க மாநிலப் பூங்காக்களில் இதை முதலில் கொண்டுவந்தது ஒரெகான்தான், 1994இல். உள்ளே சமைக்கக் கூடாது. படுக்கை விரிப்பும் போர்வையும் நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

ஒரு இடத்துக்கு எட்டுப் பேர், ஒரு வண்டி என்பது கணக்கு. இரண்டாவது வண்டிக்குத் தனிக் கட்டணம். மூன்று குடும்பமாகப் போகிறீர்கள் என்றால் வரைபடத்தைப் பார்த்து அடுத்தடுத்த இடங்களை ஒரே நேரத்தில் பிடியுங்கள். பக்கத்தில் கழிவறை இருக்கட்டும், ஆனால் நேர் எதிரே வேண்டாம். இரவு முழுக்கக் கதவுச் சத்தமும் டார்ச் வெளிச்சமும் டென்ட்டுக்குள் வந்துகொண்டே இருக்கும்.

மூட்டை கட்டுவது

கோடையில்கூட இங்கே பகல் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பெரிய விஷயம். இரவில் 11, 12 வரை இறங்கும். பக்கத்து ஊரான அஸ்டோரியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,700 மில்லிமீட்டர் மழை. சென்னையின் 1,400 மில்லிமீட்டரோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் சென்னையில் சில மாதங்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிறது. இங்கே வருடம் பூராவும் சிணுங்கிக்கொண்டே இருக்கும். 1805-06 குளிர்காலத்தை ஆய்வுப் பயணிகளான லூயிஸும் கிளார்க்கும் இங்கிருந்து சில மைல் தள்ளி ஃபோர்ட் கிளாட்சாப்பில் கழித்தார்கள். தங்கிய 106 நாளில் மழை பெய்யாத நாள் வெறும் 12.

ஆகவே பருத்தியை வீட்டில் விட்டுவிடுங்கள். ஜீன்ஸ் ஒரு முறை நனைந்தால் இரண்டு நாளைக்குக் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடை, அதன் மேல் ஃப்ளீஸ், அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். ஆளுக்கு இரண்டு ஜோடி கூடுதல் சாக்ஸ். தூங்குவதற்கென்று ஒரு ஜோடியைத் தனியாக, யாரும் தொடாமல் வையுங்கள். குல்லாய் ஆகஸ்டிலும் வேண்டும்.

படுக்கையில்தான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்து அதிகம் வருகிறது. காற்றடைத்த மெத்தைக்குள் இருக்கும் காற்று இரவில் குளிர்ந்து, முதுகுக்குக் கீழே ஐஸ் பெட்டி போல ஆகிவிடும். அதன் மேல் ஃபோம் பாய் ஒன்றை விரியுங்கள், இல்லையென்றால் குளிர்தாங்கும் மெத்தையாகவே வாங்குங்கள். ஸ்லீப்பிங் பேக்கில் போட்டிருக்கும் வெப்பநிலை எண்ணை அப்படியே நம்பாதீர்கள். நம் உடம்புக்கு இன்னும் பத்து டிகிரி ஃபாரன்ஹீட் கூட்டிக் கணக்கிட்டால் சரியாக இருக்கும். 30 ஃபாரன்ஹீட் என்று போட்டிருந்தால் 40 வரை நிம்மதியாகத் தூங்கலாம். இந்தக் கோடைக்கு அது போதும்.

மற்றவை: ஆளுக்கு ஒரு ஹெட்லாம்ப் (சைட்டில், அதாவது நமக்கு ஒதுக்கிய இடத்தில், தெருவிளக்கு கிடையாது), சுத்தியல், தார்ப்பாய் இரண்டு, துணி காயப்போடக் கயிறு, மணல் தட்ட ஒரு சின்ன விளக்குமாறு. விளக்குமாற்றைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் அதை என்னிடம் இரவல் வாங்கியிருக்கிறார்கள். பிள்ளைகளின் சைக்கிளை மறக்காதீர்கள். பூங்காவுக்குள் மைல்கணக்கில் தார் போட்ட சைக்கிள் பாதைகள் உண்டு.

போகும் வழி

நெடுஞ்சாலை 26இல் மேற்கே போய், கடற்கரைக்கு அருகில் 101ஐப் பிடித்து வடக்கே திரும்பி, சீசைட், கியர்ஹார்ட் தாண்டி வாரன்டன். இரண்டு மணி நேரம். மலைத்தொடரைக் கடக்கும்போது நீண்ட தூரத்துக்கு செல்போன் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். பச்சை மிளகாய், கறிவேப்பிலை, இஞ்சி எல்லாம் பீவர்ட்டனிலேயே வாங்கிவிடுங்கள். பால், ஐஸ், முட்டைக்கு வாரன்டன் போதும். விறகை வீட்டிலிருந்து எடுத்துப்போகக் கூடாது. ஒரு பகுதியின் மரப்பூச்சியும் நோயும் இன்னொரு பகுதிக் காட்டுக்குப் பரவுவது அப்படித்தான். முகாமிலேயே விற்கிறார்கள்.

சைட் மாலை நான்கு மணிக்குத்தான் நம் கைக்கு வரும். வெள்ளிக்கிழமை அலுவலகம் முடித்து ஆறு மணிக்குக் கிளம்பினால் இருட்டில் டென்ட் போட வேண்டிவரும். முதல் தடவை அதை மட்டும் செய்யாதீர்கள். அரை நாள் லீவு போடுங்கள்.

டென்ட் போடுவது

புது டென்ட்டாக இருந்தால் வீட்டுக் கொல்லையிலோ பக்கத்துப் பூங்காவிலோ ஒரு முறை போட்டுப் பாருங்கள். கம்பி ஒன்று குறைகிறது என்பது கடற்கரையில் தெரிய வேண்டிய செய்தி அல்ல.

இடத்தில் இறங்கியதும் முதலில் நின்று பாருங்கள், காற்று எங்கிருந்து வருகிறது என்று. கோடை மதியங்களில் பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வீசும். டென்ட்டின் வாசல் அதற்கு எதிர்த் திசையில் இருக்கட்டும். காருக்கு இடமிருந்தால் அதைக் காற்று வரும் பக்கம் நிறுத்தி மறைப்பாக்குங்கள். தலைக்கு மேலே பட்ட கிளை தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள். தரை பள்ளமாக இருந்தால் மழைநீர் அங்கேதான் வந்து நிற்கும்.

தார்ப்பாயை விரித்து அதன் மேல் டென்ட்டைப் போடுங்கள். தார்ப்பாயின் ஓரம் டென்ட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மழைத்தண்ணீரை வாங்கி நேராக உங்கள் முதுகுக்குக் கீழே அனுப்பிவிடும். ஓரங்களை உள்ளே மடித்துவிடுங்கள். புல்லுக்கு அடியில் மண் மணற்பாங்கானது என்பதால் டென்ட்டோடு வரும் ஊசி போன்ற முளைகள் பிடிக்காது. நீளமான, அகலமான முளைகள் தனியாக வாங்குங்கள். டென்ட்டுக்கு எதிர்ப்புறம் சாய்த்து அடியுங்கள். பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் கயிறுகளைப் பலர் பையிலிருந்து எடுப்பதே இல்லை. அவற்றைத்தான் முதலில் கட்ட வேண்டும்.

மேல் மறைப்புத் துணியை வானம் தெளிவாக இருந்தாலும் போடுங்கள். மழை பெய்யாவிட்டாலும் கடற்பனி பெய்யும். விடிகாலையில் எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். அதே சமயம் டென்ட்டின் மேல் ஜன்னல்களைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். நாலு பேர் மூச்சுவிட்ட ஈரம் வெளியே போக வழியில்லாவிட்டால் உள்ளேயே மழை பெய்யும். குளிருக்குப் பயந்து டென்ட்டுக்குள் கேஸ் அடுப்போ கரி அடுப்போ வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். வெந்நீரை ஒரு பாட்டிலில் இறுக மூடி, சாக்ஸில் போட்டுக் காலடியில் வைத்துக்கொள்வது அதைவிட நல்ல வழி.

சமையல்

மின்சார இடத்தை எடுக்கச் சொன்னதன் காரணம் ரைஸ் குக்கர். மின்பெட்டியில் பெரிய வண்டிகளுக்கான துளைகளோடு, வீட்டுப் பிளக் மாட்டும் 20 ஆம்ப் துளையும் பெரும்பாலும் இருக்கும். 120 வோல்ட்டில் 2,400 வாட் வரை தாங்கும். ரைஸ் குக்கர், கெட்டில் இரண்டையும் ஒரே நேரத்தில் போடாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள். வெளியில் பயன்படுத்தும் நீள வயர் ஒன்று தேவைப்படும். பக்கத்து சைட்டுக்காரர் ஹாட் டாக் வாட்டிக்கொண்டிருக்கும்போது நம் சைட்டில் சோறு வேகும் வாசனை வருகிற சுகமே தனி.

முதல் நாள் இரவு சமைக்காதீர்கள். புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி என்று வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். இரண்டாம் நாளுக்கான சாம்பாரையும் குருமாவையும் தட்டையான பைகளில் ஊற்றி உறையவைத்து, கூலருக்குள் ஐஸுக்குப் பதிலாக அடுக்குங்கள். உருகும்போது உணவு தயார். கூலர் முழுக்கத் தண்ணீராகி பால் பாக்கெட் மிதப்பதும் இல்லை. கோழியை வீட்டிலேயே மசாலா தடவி உறையவைத்தால் மறுநாள் மாலை நெருப்புக் குழியின் கம்பி வலையில் வாட்டலாம். கேஸ் ஸ்டவ்வுக்குக் காற்று மறைப்பு முக்கியம். இல்லாவிட்டால் தோசைக்கல் சூடேறவே அரை சிலிண்டர் காலியாகும்.

ரக்கூன் என்ற காட்டு விலங்குகளைப் பற்றி எச்சரிக்க வேண்டும். கூலரைத் திறக்கத் தெரியும் அவற்றுக்கு. முறுக்கு டப்பாவையும் திறக்கும். தூங்கப் போகுமுன் சாப்பாடு, குப்பை, பற்பசை உட்பட வாசனை உள்ள எல்லாவற்றையும் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரை சைட்டில் ஊற்றாமல் அதற்கென்று உள்ள தொட்டியில் கொட்டுங்கள்.

கோடை வறட்சியில் நெருப்புக்குத் தடை போடுவது உண்டு. கிளம்பும் நாளில் பூங்காத் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

கடலில் இறங்குமுன்

ஆகஸ்டிலும் கடல் நீர் 13 முதல் 15 டிகிரிதான். இடுப்பளவு தண்ணீரில் சில நிமிடம் நின்றாலே கால் மரத்துவிடும். பிள்ளைகள் நீந்த ஆசைப்பட்டால் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் காஃபன்பரி ஏரிக்குக் கூட்டிப்போங்கள். தண்ணீர் இதமாக இருக்கும், ஏரியைச் சுற்றி இரண்டு மைலுக்குச் சற்று மேல் நடைபாதையும் உண்டு.

கடற்கரையில் ஒரே ஒரு விதியை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம் செய்வியுங்கள்: கடலுக்கு முதுகைக் காட்டாதே. பத்து இருபது நிமிடம் அடக்கமாக வந்துகொண்டிருந்த அலைகளுக்கு நடுவே, திடீரென்று ஒன்று மட்டும் மணலில் வெகுதூரம் ஏறிவரும். செல்ஃபி எடுப்பவர்களைத்தான் அது பெரும்பாலும் பிடிக்கும். கரையில் கிடக்கும் பெரிய மரக்கட்டைகள் இன்னும் ஆபத்து. டன் கணக்கில் எடையுள்ள கட்டையைக் கணுக்கால் அளவுத் தண்ணீர்கூட உருட்டிவிடும். ஈரமான மணலில் கிடக்கும் கட்டை மேல் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள்.

சுனாமி. 2004 டிசம்பர் 26ஐ நமக்கு யாரும் விளக்க வேண்டாம். இந்தக் கரைக்கு அப்பால் கடலடியிலும் அதே வகைப் பிளவு இருக்கிறது, கஸ்கேடியா என்று பெயர். கடைசியாக அது பெரிதாக உடைந்தது 1700 ஜனவரி 26. ஜப்பானில் ஊர்ப் பதிவேடுகளில் எழுதிவைத்திருந்த, நிலநடுக்கம் இல்லாமலே வந்த அலையைக் கொண்டுதான் அந்தத் தேதியைக் கண்டுபிடித்தார்கள். பூங்கா முழுவதும் தாழ்வான நிலம். வெளியேறும் வழியைக் காட்டும் பலகைகளைப் போய்ச் சேர்ந்த அன்றே பார்த்து, ஒரு முறை அந்த வழியில் நடந்தும் பாருங்கள். தரை நீண்ட நேரம் பலமாக ஆடினால் சைரனுக்குக் காத்திருக்கக் கூடாது. சாமானை எடுக்கவும் கூடாது. மேட்டுக்கு ஓட வேண்டும்.

கியர்ஹார்ட்டிலிருந்து, பூங்காக் கரையில் தரைதட்டிக் கிடக்கும் உடைந்த கப்பல்வரை மணலில் கார் ஓட்டச் சட்டம் அனுமதிக்கிறது. அதைப் பார்த்து நம் காம்ரியை இறக்க வேண்டாம். இறக்கிவிட்டு, ஏறிவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மண் தோண்டிய நண்பர் ஒருவரின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பகலில் பார்க்க

அந்த உடைந்த கப்பலின் பெயர் பீட்டர் அயர்டேல். நான்கு பாய்மர எஃகுக் கப்பல். கோதுமை ஏற்ற மெக்சிகோவிலிருந்து வெறுங்கப்பலாக வந்தபோது 1906 அக்டோபர் 25 அன்று இங்கே தரைதட்டியது. உயிர்ச்சேதம் இல்லை. நூறாண்டுக்கு மேலாக அதன் விலா எலும்புகள் மணலில் நிற்கின்றன. கடல் வற்றியிருக்கும் நேரத்தில் போனால் நடுவே நடக்கலாம். கடல் ஏற்ற வற்ற அட்டவணையை முதல் நாளே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வற்றம், சூரிய அஸ்தமனம் இரண்டும் ஒன்றாக வரும் மாலை கிடைத்தால் சமையலைத் தள்ளிப்போடுங்கள். ஜூன் கடைசியில் சூரியன் மறைய ஒன்பது மணிக்கு மேல் ஆகும். பிள்ளைகள் தூங்க மாட்டார்கள், பத்து மணிக்கு முகாமில் அமைதி நேரம் தொடங்கிவிடும். ஆகவே அந்தாக்ஷரியை நெருப்போரம் சீக்கிரமே தொடங்குங்கள்.

ஏரிக்குப் பக்கத்திலேயே பேட்டரி ரஸல் என்ற கான்கிரீட் பீரங்கி மேடை இருக்கிறது. 1942 ஜூன் 21 இரவு ஐ-25 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி இந்தக் கோட்டையை நோக்கி 17 குண்டுகளைச் சுட்டது. பேஸ்பால் மைதானத்தின் வேலிதான் முக்கியச் சேதம். கோட்டையிலிருந்து பதிலுக்கு ஒரு குண்டுகூடப் போகவில்லை. சுட்டால் இருக்குமிடம் தெரிந்துவிடும் என்று தளபதி தடுத்துவிட்டார். இருட்டறைகளுக்குள் போக டார்ச் வேண்டும், கைப்பிடி இல்லாத விளிம்புகளில் சின்னப் பிள்ளைகளின் கையை விடக் கூடாது.

சிப்பி தோண்ட ஆசையிருந்தால் ரேஸர் கிளாம் என்ற நீளச் சிப்பிக்கு இந்தக் கரை பேர்போனது. பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உரிமம் வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு முதலில் கிடைக்கும் 15. உடைந்ததைத் திருப்பிப் போட்டுவிட்டு வேறு எடுக்கக் கூடாது. ஜூலை 15 முதல் செப்டம்பர் 30 வரை தோண்டத் தடை, ஆகவே அந்த நாட்களில் கோடை விடுமுறைக்கு வருபவர்களுக்கு வாய்ப்பில்லை, அதற்கு முன்போ பின்போ வந்தால்தான். சிப்பியில் நச்சு சேர்ந்தால் மற்ற மாதங்களிலும் மூடுவார்கள், சமைத்தாலும் அந்த நச்சு போகாது. மீன்வளத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டே இறங்குங்கள். மிளகு போட்டு வறுத்தால் கணவாய்க்கும் மட்டிக்கும் நடுவே ஒரு ருசி.

கடற்கரை மணலில் சின்னதாக நெருப்பு மூட்டலாம், காய்ந்த புல்லிலிருந்தும் மரக்குவியலிலிருந்தும் தள்ளி. அணைக்கும்போது மணலைப் போட்டு மூடாதீர்கள். அடியில் கங்கு மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மறுநாள் வெறுங்காலோடு ஓடிவரும் ஏதோ ஒரு குழந்தை மிதிக்கும். கடலிலிருந்து தண்ணீர் மொண்டுவந்து ஊற்றிக் கிளறுங்கள்.

கிளம்பும் நாள்

பகல் ஒரு மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். காலை உணவுக்கு அடுப்பைப் பற்றவைக்குமுன் மேல் மறைப்பைக் கழற்றிக் கயிற்றில் போட்டுவிடுங்கள், சாப்பிட்டு முடிக்கும்போது பாதியாவது காய்ந்திருக்கும். டென்ட்டின் அடிப்பாகம் எப்படியும் காயாது. ஈரத்தோடு சுருட்டிப் பையில் திணித்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்து நாறும். பெரிய குப்பைப் பையில் தளர்வாகப் போட்டுக் கொண்டுவந்து, அன்று ராத்திரியே கராஜில் விரித்துவிடுங்கள். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்று ராத்திரியே. கார் இரண்டு நாள் வெளியே நிற்கட்டும்.